பைக்கில் எஞ்சின் ஆயில் அளவு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

"அண்ணே, ஆயில் கொஞ்சம்கூட இல்லண்ணே. அரை பாட்டில் ஊத்திட்டேன். இப்ப புகையா வருது."

எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு தம்பி சொன்னது இது. வண்டி ஹோண்டா வேவ் 125. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், பஜ்ஜி எடுத்து வைத்த காகிதம் போல ஃபில்டர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அந்த வண்டிக்கு ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டியதே 0.7 லிட்டர்தான். தம்பி பார்த்தபோது உள்ளே சரியான அளவு ஆயில் இருந்திருக்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) விட்டுப் பார்த்தார், ஆயில் ஒட்டவில்லை, ஊற்றிவிட்டார்.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். "ஆயில் குறையுது" என்று வந்து நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் ஆயில் குறைந்ததே இல்லை. பார்த்த விதம்தான் தப்பு. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். அளவு சரியாகத் தெரியாமல் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம்.

இங்கே வண்டி மலிவான பொருள் இல்லை. 2022 கடைசியில் மோட்டார்சைக்கிளுக்கு சி.ஓ.இ. (பத்து வருடம் வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) மட்டுமே 12,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. பத்து வருடம் முடிந்த வண்டியை சி.ஓ.இ. புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த எஞ்சினைக் காப்பாற்றுவது இந்தச் சின்னக் குச்சிதான்.

முதலில்: அளவைச் சரியாகப் பார்ப்பது

சமதரை வேண்டும். பலமாடி கார் நிறுத்துமிடத்தில் தரை பார்க்கச் சமமாகத்தான் தெரியும், ஆனால் தண்ணீர் வடிவதற்காக லேசான சரிவு இருக்கும். ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். உருண்டால் வேறு இடம் பாருங்கள். நல்ல இடம் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பாருங்கள்.

எஞ்சினை மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மேலே ஏறியிருக்கும் ஆயில் கீழே வடிய அந்த நேரம் தேவை. பிறகு வண்டியை நேராக நிறுத்துங்கள், சைடு ஸ்டாண்ட் கூடாது. சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் வேலை சுலபம்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டி என்றால் மூடியைக் கழற்றி, குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். பெரும்பாலான ஹோண்டா, யமஹா வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வெறுமனே துளையின் மேல் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஆயில் நின்றால் போதும். மேல் கோட்டைத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கண்ணாடி உள்ள வண்டி என்றால், கேடிஎம் டியூக், பல்சர் என்எஸ்200 மாதிரி, எஞ்சின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். பக்கத்தில் இரண்டு கோடு. வண்டி நேராக நிற்கும்போது ஆயில் மட்டம் அந்தக் கோடுகளுக்கு நடுவே தெரிய வேண்டும்.

பிடிக்க ஆள் இல்லையா? வண்டியில் உட்கார்ந்து நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வீடியோவைப் போட்டு, தரையில் ஒரு ஷூவில் சாய்த்து, கண்ணாடிக்கு நேராக வைத்துவிடுங்கள். இறங்கி வந்து வீடியோவைப் பார்த்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். குனிந்து எட்டிப் பார்க்கப் போய் வண்டியோடு சாய்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

ஹார்லி போன்ற, ஆயிலுக்குத் தனித் தொட்டி வைத்த வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றுக்குப் புத்தகத்தில் உள்ள முறையை மட்டும் பின்பற்றுங்கள்.

அறிகுறி 1: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு காட்டுகிறது

*குச்சியில் ஒட்டவே இல்லை, கண்ணாடி காலி*

முதலில் சைடு ஸ்டாண்டைச் சந்தேகப்படுங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும். குச்சியோ கண்ணாடியோ வலது பக்கம் இருந்தால் ஆயில் அதை விட்டு விலகிப் போய்விடும். நேராக நிறுத்திப் பார்த்தால் பத்துக்கு ஏழு வண்டியில் ஆயில் சரியாக இருக்கும்.

அடுத்தது அவசரம். ஓட்டி வந்து நிறுத்திய கையோடு பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மூன்றாவது, திருகிப் பார்க்க வேண்டிய குச்சியைத் திருகாமல் பார்ப்பது. அப்போது குச்சி முழு ஆழத்துக்கு இறங்காது, குறைவாகக் காட்டும்.

இந்த மூன்றும் இல்லாமல் இரண்டு தடவை பார்த்தும் கீழ்க் கோட்டுக்குக் கீழே என்றால் ஆயில் நிஜமாகவே குறைந்திருக்கிறது. 50 மில்லி ஊற்றுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், பாருங்கள். மறுபடி 50. சின்ன எஞ்சினில் 200 மில்லி என்பது சாதாரணம் இல்லை. வேவ் மாதிரி வண்டியில் அது மாற்றும் அளவில் கால் பங்குக்கும் மேல். ஊற்றி முடித்ததும் அறிகுறி 3-க்குப் போங்கள்.

*மேல் கோட்டைத் தாண்டிக் காட்டுகிறது, ஆனால் யாரும் ஊற்றவில்லை*

திருகக் கூடாத குச்சியைத் திருகிப் பார்த்திருப்பீர்கள். குச்சி கூடுதல் ஆழத்துக்குப் போவதால் அதிகமாகக் காட்டும். துடைக்காமல் எடுத்த முதல் பார்வையும் இப்படித்தான். துளையின் சுவரில் இருந்த ஆயில் குச்சியில் பூசிக்கொண்டு மேலே வரைக்கும் ஈரமாகக் காட்டும். குச்சியின் இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் என்றால் குறைவான பக்கத்தை நம்புங்கள்.

சரியாகப் பார்த்தும் அதிகம்தான், வாரா வாரம் ஏறுகிறது என்றால் நேராக அறிகுறி 5-க்குப் போங்கள். அது வேறு கதை, காத்திருக்கக் கூடாதது.

*ஆயில் மாற்றிய அன்று நிறைய இருந்தது, மறுநாள் குறைந்துவிட்டது*

ஆயில் ஃபில்டரும் மாற்றினீர்களா? புது ஃபில்டர் காலியாக இருந்திருக்கும். எஞ்சின் ஓடியதும் அது ஆயிலைக் குடித்துக்கொள்ளும். அதனால் மாற்றியதும் எஞ்சினை மூன்று நிமிடம் ஓட விட்டு, அணைத்து, பொறுத்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கணக்கை முடிக்க வேண்டும். பட்டறையில் மாற்றினாலும் இந்தக் கடைசிப் பார்வையை உங்கள் கண்ணால் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

*ஆயில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை*

புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், குச்சியில் கண்ணுக்கே படாது. குச்சியை வெள்ளை டிஷ்யூவில் படுக்க வைத்து எடுங்கள். ஈரக் கறை எது வரை என்று தாளில் பதியும். கண்ணாடி பழுப்பேறிய வண்டியில் டார்ச்சைச் சாய்வாக அடித்து, வண்டியை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஆயில் என்றால் கோடு நகரும். கறை என்றால் நகராது. கண்ணாடி முழுக்க ஒரே நிறமாக இருந்து எதுவுமே நகரவில்லை என்றால், ஒன்று முழுக்க நிரம்பியிருக்கிறது, இல்லை முழுக்கக் காலி. இடது பக்கம் நன்றாகச் சாய்த்துப் பாருங்கள். வலது பக்கக் கண்ணாடியில் மட்டம் இறங்கி வந்தால் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி 2: ஆயில் அதிகமாகிவிட்டது

மேல் கோட்டுக்கு மேலே ஒரு நகக்கண் அளவு என்றால் பதற வேண்டாம். ஆனாலும் அதை அப்படியே விட்டு ஓட்டும் ஆள் நான் இல்லை. அதிக ஆயிலில் கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) அடித்துக்கொண்டே சுழலும், ஆயிலில் நுரை எழும், நுரைத்த ஆயில் எஞ்சினைக் காக்காது. மிச்ச ஆயில் எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துப் புகைவிடும்.

முதல் சோதனை: ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும், நுனியில் அடைப்பு. அதைக் கழற்றுங்கள். ஆயில் கொட்டினால் அதிகமாக ஊற்றியது உறுதி.

அதிக ஆயிலை எடுப்பதற்கு, எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, ஆயில் ஊற்றும் துளை வழியாக உறிஞ்சி எடுங்கள். 50 மில்லி எடுக்க எடுக்க அளவைப் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தாள் ஃபில்டரைத் துவைத்துப் போட முடியாது. அந்தத் தம்பியின் வண்டியில் இவ்வளவுதான் செய்தேன். இரண்டு நாள் லேசாகப் புகைத்துவிட்டு நின்றுபோனது.

எடுத்த ஆயிலை சாக்கடையில் ஊற்றாதீர்கள். இங்கே மழைநீர்க் கால்வாயில் போவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பாட்டிலில் அடைத்து ஆயில் மாற்றும் பட்டறையில் கேளுங்கள். பழைய ஆயிலைச் சேர்த்துவைக்கும் டிரம் அவர்களிடம் இருக்கும்.

ஆயிலை எடுத்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் நீலப் புகை நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி 3: ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை

ஒழுகவில்லை என்றால் எரிகிறது. ஆனால் எவ்வளவு என்று தெரியாமல் எஞ்சினைப் பிரிக்கப் போகாதீர்கள். மேல் கோட்டுக்குச் சரியாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். மறுபடி மேல் கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்பதை சிரிஞ்சால் அளந்து எழுதுங்கள். சின்ன வண்டி 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லிக்குள் குடித்தால் நான் கவலைப்பட மாட்டேன், வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அதைத் தாண்டினால் காரணம் தேடுவேன்.

*புகை எதுவும் தெரியவில்லை*

ஓட்டும் விதத்தைப் பாருங்கள். காலையில் மலேசியாவிலிருந்து ஜோகூர் பாலத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வருகிறவர்கள், பகல் முழுக்கச் சாப்பாடு விநியோகம் செய்கிறவர்கள் — இவர்களுடைய எஞ்சின் காற்றுப் படாமல் நின்ற இடத்தில் வெந்துகொண்டே ஓடுகிறது. கிலோமீட்டர் ஏறாது, ஆயிலோ தேய்ந்துகொண்டே இருக்கும். ஜோகூரிலிருந்து வருகிற நண்பர்கள் எஞ்சின் ஆயிலை மினியாக் ஹித்தாம் என்பார்கள். கறுப்பு எண்ணெய். பாலத்து நெரிசலில் ஓடிய ஆயில் உண்மையிலேயே அப்படித்தான் வெளியே வரும். இப்படி ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல் புத்தகம் சொல்வதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

அடுத்து ஆயிலின் தடிப்பு. 10டபிள்யூ-40 சொல்லியிருக்கும் வண்டியில் அதைவிட மெல்லிய ஆயில் போட்டிருந்தால், புத்தகத்தில் உள்ளதற்குத் திரும்பினாலே குறைவது தணியலாம். பாட்டிலில் ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும் வண்டிகளுக்கான தரம் அது. காருக்கு வாங்கிய மெல்லிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால், ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் ஜேஸோ எம்பி தரம்.

*காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப் நீலப் புகை, பிறகு இல்லை*

வால்வு சீல். இரவு முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டி உள்ளே இறங்கியிருக்கும். சீல் விலை குறைவு, ஆனால் எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிய வேலை. இது மெக்கானிக் வேலைதான். அவசரம் இல்லை, அளவைப் பார்த்துக்கொண்டே சில மாதம் ஓட்டலாம்.

*முறுக்கும்போதெல்லாம் பின்னால் நீலப் புகை*

பிஸ்டன் ரிங், இல்லாவிட்டால் சிலிண்டர் தேய்மானம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அப்போது கூடினால் ரிங்தான் காரணம். இந்தச் சோதனை செய்யாமல் "எஞ்சின் இறக்கணும்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூன்று வருடம் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு இங்கே வருடா வருடம் பரிசோதனை உண்டு. புகையோடு அங்கே போய் நிற்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 4: நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு

எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். முன்னால் கசிவது பின்னால் சொட்டும். எஞ்சின் அடியை நன்றாகக் கழுவி, காய விட்டு, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஈரமான பாதை தெரியும். அந்தப் பாதையில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளிதான் ஒழுகும் இடம். இந்த ஒரு சோதனை எத்தனையோ வண்டியில் தேவையில்லாத கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றத்தைத் தவிர்த்திருக்கிறது.

இரவில் அட்டை ஒன்றை அடியில் விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று தெரியும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்றால் அது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் இல்லை.

*ஊற்றிய மறுநாள் மட்டும் சொட்டு:* ஊற்றும்போது சிந்தியது. கழுவினால் போதும்.

*பின்பக்கம், செயின் ஓரம், ஒட்டும் கறுப்பு:* பெரும்பாலும் செயினுக்கு அடித்த எண்ணெய் தெறித்தது. முன் ஸ்ப்ராக்கெட் (செயின் சுற்றும் பல்சக்கரம்) மூடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பாருங்கள். செயினுக்கு எண்ணெய் அடிக்காமலே அங்கே ஈரம் வந்தால் ஸ்ப்ராக்கெட் தண்டின் சீல் போயிருக்கிறது. கியர் மிதிக்கும் தண்டின் சீலும் அதே பக்கம்தான். இரண்டுமே விலை குறைந்தவை. பெரும்பாலான வண்டியில் எஞ்சினைப் பிரிக்காமலே மாற்றலாம்.

*ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி ஈரம்:* மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டியாகிவிட்டது. ஒன்றிரண்டு வெள்ளியில் முடிந்துவிடும்.

*டிரெயின் போல்ட்டிலிருந்து:* வாஷர். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட வேண்டும். அது கசங்கித்தான் அடைக்கிறது, கசங்கிய வாஷர் மறுபடி அடைக்காது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஒழுகுகிறதே என்று நீண்ட ஸ்பேனரால் போல்ட்டை இறுக்காதீர்கள். எஞ்சின் அடி அலுமினியம், போல்ட் இரும்பு. ஒரு சாயங்காலம் நானே அப்படி இறுக்கி மரை பிய்ந்த உணர்வு இன்றைக்கும் கையில் இருக்கிறது. இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவது போல லேசாகிவிடும். அதன் பிறகு மரைக்குள் புது மரை பதிக்க வேண்டும், அது பட்டறை வேலை. முறுக்கு அளவு உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

*ஃபில்டர் மூடியிலிருந்து:* ஓ-ரிங் பிசகியது, இல்லாவிட்டால் பழைய ஓ-ரிங்கே அப்படியே இருக்கிறது.

*மேலே, எஞ்சின் தலையிலிருந்தோ சிலிண்டர் அடியிலிருந்தோ:* தலை மூடி கேஸ்கெட் என்றால் கையோடு மாற்றலாம். சிலிண்டர் அடி கேஸ்கெட், எஞ்சின் இரண்டு பாதி சேரும் இடம் என்றால் செலவு பெரிது. லேசான கசிவு என்றால் அளவைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பெரிய வேலையோடு சேர்த்துச் செய்யச் சொல்லுவேன்.

ஆயில் பின் டயரில் பட்டிருந்தால் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். ஒரு வளைவு போதும் வண்டி வழுக்க. அன்றைக்கே வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: ஆயில் தானாக ஏறுகிறது, பெட்ரோல் வாசனை

ஆயில் பெருகாது. ஏறுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ சேர்கிறது. குச்சியை மோந்து பாருங்கள். ஒரு சொட்டை டிஷ்யூவில் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் நீர்த்த வளையம் அகலமாகப் பரவினால் பெட்ரோல் கலந்திருக்க நிறைய வாய்ப்பு. தீ வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டிகளில் இது பழைய நோய். ஹோண்டா ஃபாண்டம் 200 மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் குழாய் திறந்தே இருந்து, கார்புரேட்டரின் மிதவை ஊசியில் தூசி மாட்டினால், இரவு முழுக்கப் பெட்ரோல் இறங்கி எஞ்சினுக்குள் போய்விடும். இரவு குழாயை மூடி வைத்துப் பாருங்கள். ஏறுவது நின்றால் மிதவை ஊசிதான். அதைச் சுத்தம் செய்தோ மாற்றியோ சரிசெய்துவிடலாம். பெட்ரோல் ஊசியாகப் பீய்ச்சும் புது வண்டிகளில் இன்ஜெக்டர் கசிவு. அதற்குக் கருவி வேண்டும், நேராகப் பட்டறைக்கு.

எதுவானாலும் அந்த ஆயிலில் ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் போல ஓடும், தேய்மானத்தைத் தடுக்காது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது "டக்" என்று எஞ்சின் நின்று சுற்ற மறுத்தால் கையை எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். மறுபடி மறுபடி அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கசிவை நிறுத்திய பிறகு ஆயிலை மாற்றுங்கள், முன்னால் மாற்றினால் காசு வீண்.

அறிகுறி 6: ஆயில் தே தாரிக் நிறத்தில் இருக்கிறது

பால் கலந்த நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

*மூடியின் அடியில் மட்டும் பழுப்பு நுரை, குச்சி நுனியில் ஆயில் சுத்தம்:* ஈசூனில் வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வண்டி எடுக்காத ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் பயந்துபோய் வந்தார். எஞ்சின் முழுச் சூடு ஆகாததால் உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகிப் போகவில்லை, அவ்வளவுதான். "வாரம் ஒருநாள் அரை மணி நேரம் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு சுற்று போய்ட்டு வாங்க அங்கிள்" என்றேன். அடுத்த மாதம் மூடி சுத்தம். அவருக்கும் காற்றோட்டம்.

*மழை வெள்ளத்தில் ஓட்டிய பிறகு:* புக்கிட் திமா பக்கம் திடீர் வெள்ளம் வரும் நாட்களில் ஆழமான தண்ணீரில் ஓட்டி வந்திருப்பீர்கள். மூச்சுக் குழாய், ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் போயிருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஐந்து நிமிடம் ஓட விட்டு, மறுபடி பாருங்கள். இன்னும் பால் நிறம் என்றால் இன்னொரு தடவை மாற்றுங்கள். வண்டி தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோயிருந்தால் நீங்கள் ஸ்டார்ட் செய்ய முயலாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

*ரேடியேட்டர் உள்ள வண்டி, கூலன்ட் டப்பாவில் அளவு இறங்குகிறது:* வேவ் மாதிரி காற்றில் குளிரும் வண்டிக்கு இது வராது. ரேடியேட்டர் வண்டியில் வாட்டர் பம்ப் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அங்கே சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் பம்ப் சீல், நடுத்தரச் செலவு. அங்கே ஒன்றும் இல்லை, வெளியே வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறது, எஞ்சின் சூடு ஏறுகிறது என்றால் தலை கேஸ்கெட். அது பெரிய செலவு. இந்த இரண்டு நிலையிலும் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி 7: ஆயிலில் மினுக்கம்

டிரெயின் போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது இயல்பு. புது வண்டியின் முதல் ஆயிலில் லேசான மினுக்கமும் இயல்பு. விரலில் எடுத்துத் தேய்க்கும்போது மணல் போல நெருடினாலோ, கண்ணுக்குத் தெரியும் செதில் வந்தாலோ அதை ஒரு பையில் போட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். வெறும் கறுப்பு நிறம் குறை இல்லை.

அறிகுறி 8: ஆயில் விளக்கு எரிகிறது

எந்த விளக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில யமஹா ஸ்கூட்டர்களில் எரிவது ஆயில் மாற்றும் கிலோமீட்டர் வந்துவிட்டது என்ற நினைவூட்டல். அளவு சரியாக இருந்தால் ஓட்டலாம், மாற்றிவிட்டு அழித்துவிடலாம். ஸ்கூட்டர்காரர்களுக்கு இன்னொரு விஷயம். பின் சக்கரத்துக்கான கியர் ஆயில் தனி, 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும். அந்தத் துளையில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டு எஞ்சின் அளவு ஏறவில்லையே என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மூடி எதற்கு என்று புத்தகத்தில் படத்தோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டா சிபி400 போன்ற வண்டிகளில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, அழுத்தத்துக்கானது. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டால் எரியவே இல்லை என்றால் விளக்கோ ஸ்விட்ச்சோ போயிருக்கிறது. எச்சரிக்கவே ஆள் இல்லாமல் ஓட்டுகிறீர்கள், அதையும் சரிசெய்யுங்கள். வேவ் மாதிரி சின்ன வண்டிகளில் இந்த விளக்கே கிடையாது. அவர்களுக்குக் குச்சி ஒன்றுதான் விளக்கு.

ஓடும்போது எரிந்தால் யோசிக்க நேரம் இல்லை. கிளட்சைப் பிடியுங்கள், எஞ்சின் ஸ்விட்ச்சை அணையுங்கள், சிக்னல் போட்டு ஓரத்துக்கு உருண்டு போங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் என்றால் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு உதவி கேளுங்கள். ஆபத்தில்லாத இடத்துக்கு வண்டி வந்த பிறகு, ஐந்து நிமிடம் பொறுத்து, நேராக நிறுத்தி அளவைப் பாருங்கள்.

*அளவு குறைவு:* கீழ்க் கோட்டுக்கு மேலே வரும்வரை ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிக்குள் விளக்கு அணைந்தால் மெதுவாகப் பக்கத்துப் பட்டறை வரை ஓட்டலாம். ஏன் குறைந்தது என்பதற்கு அறிகுறி 3, 4 பாருங்கள்.

*அளவு சரி, விளக்கு எரிகிறது:* ஸ்விட்ச் வயர் நசுங்கியிருக்கலாம், ஆயில் பம்ப் போயிருக்கலாம். எது என்று நடு வழியில் யாராலும் சொல்ல முடியாது. வண்டி ஏற்றும் லாரியைக் கூப்பிடுங்கள். லாரிக்காரர் "நிழலுக்கு மட்டும் கொஞ்சம் ஓட்டி வாங்க" என்றாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள்.